பாதி வண்டிக்கு என்ன விலை?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழ்த்தளப் பார்க்கிங்கில் மூன்று வருடமாக நீலத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த காரைப் பார்த்திருப்பீர்கள். குழந்தைகள் அதன் பின்னால் ஒளிந்து விளையாடுவார்கள். போன மாதம் அது விற்றுப் போனது. எப்படி விற்றோம் என்று பேசச் சொன்னார் செயலாளர். நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகவே இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் வண்டியைப் பற்றிக் கொஞ்சமும் காகிதத்தைப் பற்றி நிறையவும் பேசுவேன்.

அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி. சென்னை வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் 1971 வரை அதைச் செய்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. உருவம் வரைந்தவர் இத்தாலியர், ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சி.சி. எஞ்சின். பானட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் சாயும். சுமார் 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். கீழவாசல் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

ஹெரால்டைப் போய் ஸ்போர்ட்ஸ் கார் என்பதா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் 1962-இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார், இதே ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியதுதான். அதையும் வரைந்தவர் மிக்கெலோட்டியே. ஹெரால்டின் கூரை போல்ட்டு போட்டு முடுக்கியது. கழற்றினால் வண்டி திறந்த கார் ஆகிவிடும். சி பிளாக்கில் இருந்த நம் ஆசிரியருக்கு அந்த ஆசைதான் வந்தது. ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்த கையோடு வண்டியைப் பிரித்தார். எஞ்சினை முழுதாகச் சீர் செய்து ஓட விட்டார். கூரையைக் கழற்றினார். டிங்கரிங் பாதியில் நின்றது. வேலையை எடுத்தவர் முன்பணத்தோடு வேறு ஊர் போய்விட்டார். ஆசிரியரும் இரண்டு வருடம் முன்பு காலமானார்.

அந்த அம்மா என்னிடம் வந்து சொன்னது இதுதான்: “சார், பழைய இரும்புக்காரர் பதினெட்டாயிரம் தரேங்கறார். பையன் வெளிநாட்டிலிருந்து, யாருக்காவது கொடுத்துத் தொலைங்கறான். அவர் நாலரை லட்சம் செலவு பண்ணியிருக்கார், எல்லாத்துக்கும் ரசீது இருக்கு. நாலரை லட்சத்துக்குக் குறைஞ்சு கொடுக்க மனசு வரலை.”

பதினெட்டாயிரமும் தப்பு, நாலரை லட்சமும் தப்பு. பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள்: இருப்புச் சரக்கை அடக்க விலை, சந்தையில் தேறும் விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் கணக்கில் வைக்க வேண்டும். பாதி முடிந்த சரக்கென்றால், முடித்தபின் கிடைக்கும் விலையிலிருந்து முடிக்க ஆகும் செலவைக் கழிக்க வேண்டும். எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். முடிந்த வண்டி நாலு லட்சம் போகும், முடிக்க இரண்டரை லட்சம் ஆகும் என்றால், மிச்சம் ஒன்றரை. வாங்குகிறவர் தன் அலைச்சலுக்கு அதிலும் கொஞ்சம் குறைப்பார், அது நியாயமும்கூட. நம் ரசீதுக் கட்டுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. நாற்று விட்டு, உழுது, நடவு ஆகாமல் நிற்கிற வயலைக் கேட்டு வருகிறவர், விதைநெல் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்றா கேட்பார்? ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் கடைமடைக்கு எப்போது தண்ணீர் வரும், நட ஆள் கிடைக்குமா என்றுதான் கேட்பார்.

ரசீதுகள் வேறு விதத்தில் உதவின. எந்த வேலை நடந்தது, எந்தச் சாமான் புதிது என்பதற்கு அவைதான் சாட்சி. நானும் பி பிளாக் தம்பி ஒருவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சாமான் பட்டியல் போட்டோம். அட்டைப் பெட்டிகளில் நட்டு போல்ட்டு, கார்புரேட்டர் கேஸ்கெட், கதவுக் கைப்பிடி, விளக்கு வளையம். இல்லாததையும் எழுதினோம்: பின் பம்பர் இல்லை, ஒரு கதவுக் கண்ணாடி இல்லை. தரைத் தகட்டில் இடது பக்கம் துரு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கீழ்த்தளம் எப்படி ஊறும் என்று உங்களுக்கே தெரியும். துருவைப் பக்கத்திலிருந்து போட்டோ எடுத்துப் போட்டோம். மறைத்தால் நேரில் வந்து பார்க்கிறவர் மற்ற எதையும் நம்ப மாட்டார்.

கூரை மட்டும் எங்குமே காணோம். கடைசியில் ஆசிரியரின் தம்பி வீட்டில், ஒரத்தநாட்டுப் பக்கம், நெல் மூட்டை அடுக்கும் அறையில் சாக்கு சுற்றிக் கிடந்தது. அது கிடைத்ததில் வண்டியின் விலையே மாறிற்று. காரணம் சட்டம். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 வருடம் செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் வண்டி மூல உருவில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடல்கூடு, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. நல்லவேளை, ஆசிரியர் எதையும் வெட்டவில்லை, கழற்றித்தான் வைத்திருந்தார். பழையபடி முடுக்கிவிடலாம்.

இனி காகிதம். ஆர்.சி.யில் ஏழு மாதம்தான் பாக்கி இருந்தது. அது முடிந்துவிட்டால் புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டு போய் நிறுத்த வேண்டும், பாதி வண்டியை எப்படி நிறுத்துவது? அதனால் அவசரப்பட்டோம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், பிறகு படிவம் 31 மூலம் அந்த அம்மாவின் பெயருக்கு மாற்றம். அதன் பிறகுதான் விற்பனை: விற்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30. ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுத்தோம். எஞ்சின் ஓடியதால் புகைச் சான்றும் கிடைத்தது.

“கையெழுத்துப் போட்டு வண்டியைக் கொடுத்தால் போதாதா?” என்று பலர் கேட்டார்கள். போதாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஒருவர் 2007-இல் காரை விற்றார். அது கை மாறிக் கை மாறிப் போய் 2009-இல் விபத்தானது. ஆர்.சி.யில் முதல் ஆள் பெயரே இருந்ததால், நஷ்டஈட்டுப் பொறுப்பு அவர் தலையிலும் விழுந்தது. கணவரை இழந்த ஒருவரை அந்த நிலையில் விட முடியுமா? பழைய இரும்புக்குப் போட்டாலும் இதே கதைதான். வண்டி அழிக்கப்பட்டதாக 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்காவிட்டால், காகிதத்தில் அது உயிரோடுதான் இருக்கும்.

போன் நிறைய வந்தது. ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பார்க்காமலே முழுத் தொகையும் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள் என்றார். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் எதற்கு? போனை வைத்துவிட்டேன். இன்னொருவர் எஞ்சினை மட்டும் கேட்டார், நல்ல விலையும் சொன்னார். அந்த அம்மா மறுத்துவிட்டார். எஞ்சின் இல்லாவிட்டால் மிச்சம் வெறும் தகரம்தான்.

வாங்கியவர் கோயம்புத்தூர்க்காரர். ஹெரால்டு ஒன்று ஏற்கெனவே வைத்திருக்கிறார், அதனால் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். தொகையைச் சொல்ல அந்த அம்மாவுக்கு விருப்பமில்லை. இரும்புக்காரர் சொன்னதைப் போல எட்டு மடங்குக்கும் மேல் என்று மட்டும் சொல்லலாம். முழுவதும் வங்கி வழியாக வந்தது. இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் தடை போடுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சொந்த உபயோகக் கார் என்பதால் மூலதன ஆதாய வரி கிடையாது.

லாரி வந்த அன்று வண்டியை உருட்டி ஏற்ற ஆறு பேர் தேவைப்பட்டார்கள், வாட்ச்மேன் உட்பட. கூரையைச் சாக்கோடு தனியாக மேலே கட்டினோம். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் பத்தொன்பதாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது. அதை அச்செடுத்து அந்த அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். சி பிளாக் பார்க்கிங்கில் அந்த இடம் இப்போது காலி. யாருக்கு என்பதைச் செயலாளர் சொல்வார்.