ஓதமும் அஸ்திவாரமும்: முதலில் நீரை விலக்குவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேல்சித்தாமூர் வட்டாரத்தில் கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்று கூறுவது, தரைக்கு மேலே எழுப்பும் பீடத்தையே ஆகும். நகரத்தில் ‘பேஸ்மென்ட்’ என்பதோ தரைக்குக் கீழே தோண்டும் நிலவறை. மேலே எழுப்புவதை ஓதம் அரிக்கிறது. கீழே தோண்டுவதை நீர் நெருக்குகிறது. இரண்டிற்கும் பகை ஒன்றே.

2024 நவம்பர் இறுதியில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், நமக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அதே மழையில் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண் இறங்கி ஏழு பேர் மாண்டனர். அவ்வாண்டு ஜூலை 27ஆம் நாள் புதுதில்லி பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி நிலையமொன்றின் நிலவறைக்குள் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். எனவே ஈரம் என்பது சுண்ணாம்பு உதிரும் சிறு குறை மட்டுமன்று.

சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால், ஒவ்வொரு மீட்டர் ஆழத்திற்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்தம் கூடுகிறது. மூன்று மீட்டர் ஆழத்தில் அது மூன்று டன். நிலவறைச் சுவரின் நடுவே கிடைமட்டமாக விரிசல் ஓடி, சுவர் உட்புறம் உப்பினால், வெளி அழுத்தம் வெல்கிறது என்று பொருள். உட்புறம் சிமெண்ட் பூசுவதால் அவ்வழுத்தம் குறையாது. பழைய சுண்ணாம்புச் சுவரில் பூசினாலோ, வெளியேற வழியற்ற ஈரம் மேலும் உயரே ஏறும். ஆண்டுதோறும் பூச்சுக்குச் செலவிடும் பொதுப்பணம் வீணாகும்.

இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்தின் வரலாறு நமக்கு நல்ல பாடமாகும். சதுப்பு நிலத்தில் எழுந்த அக்கட்டடம் சாயத் தொடங்கியது. அடியில் குழி தோண்டினால் நீர் நிறைந்தது. இறைத்தாலோ சுவரின் அடிமண் கரைந்து வந்துவிடும் அபாயம். ஆகவே 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர், இருண்ட நீரில் ஆறு மீட்டர் ஆழம் வரை இறங்கி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடித்தளத்தை அடைத்தார். அதன் பின்னரே நீர் இறைக்கப்பட்டது. அதன் பின்னரே கொத்தனார்கள் சுவரைத் தாங்கிக் கட்டினர். வேலையின் வரிசையே அக்கட்டடத்தைக் காத்தது.

நாம் கொள்ள வேண்டிய வரிசையும் அத்தகையதே. முதலாவது, மேல்நீர். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய், ஒளுச் செய்யும் ஹவுளின் கழிவுநீர், கழிப்பறைத் தொட்டி ஆகிய எதுவும் சுவரோரம் நீரை விடலாகாது. தரை, சுவரிலிருந்து வெளிப்புறமாகச் சரிய வேண்டும். பெரும்பாலான ஓதம் இவ்வளவிலேயே தணியும்.

இரண்டாவது, நிலத்தடி நீர். சுவரின் வெளிப்புறம் தோண்டி, ஜல்லி நிரப்பி, துளையிட்ட குழாய் பதித்து, தாழ்வான இடத்திற்கு நீரை வெளியேற்ற வேண்டும். வெளிச்சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சும் அப்போதே இடலாம்.

மூன்றாவதே சுவர். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டி, நாள் குறித்து வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. முட்டுச்சுவரா, கம்பி கட்டிய கான்கிரீட் உட்சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரே முடிவு செய்ய வேண்டும். அஸ்திவாரத்தின் அடியில் புதிதாகக் கட்ட நேர்ந்தால், ஒரு மீட்டர் அளவுள்ள சிறு பகுதிகளாக, இடைவிட்டு இடைவிட்டே தோண்ட வேண்டும். ஒரே நாளில் நீளமாகத் தோண்டுவது சுவரை அந்தரத்தில் நிறுத்துவதாகும்.

ஓர் எச்சரிக்கை. நிலவறையில் வெள்ளம் நின்றால் மோட்டார் வைத்து ஒரேயடியாக இறைக்காதீர்கள். வெளிமண் ஊறியிருக்கையில் உள்ளே காலியானால் சுவர் உள்ளே சாயக்கூடும். வெளிநீர் வடிய வடியச் சிறிது சிறிதாக இறையுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்காமல் எவரும் இறங்க வேண்டாம்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள், கட்டடத்தைச் சுற்றி நடந்து, நீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செலவில்லாத அந்த நடையே பெருஞ்செலவைத் தடுக்கும்.