துருவுக்கு அடியில் ஒரு வண்டி

அமெரிக்காவின் கிராமப் பிரதேசங்களில், வைக்கோலும் பழைய கலப்பைகளும் அடைந்து கிடக்கும் கொட்டகையின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில் பல்லாண்டுகளாக உறங்கிக் கிடந்த பிக்கப் வண்டியொன்றை வீட்டுக்கு இழுத்து வந்து, விடுமுறை தோறும் அதனோடு மல்லுக்கு நிற்பதைப் பரம சுகமாகக் கருதும் மனிதர்கள் அநேகர் உண்டு. 1947ஆம் ஆண்டின் கோடையில் ஷெவர்லே வெளியிட்டு, 1955 வரை விற்ற வண்டிகளின்மீது இவர்களுக்குத் தனி மோகம். ஆறு சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும் அந்த என்ஜினின் எளிமையே அதற்குக் காரணமென்பது என் அபிப்பிராயம்.

நெடுங்காலம் ஓடாத என்ஜினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு துருவால் பிணைந்திருக்கும். அவசரக்காரர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து, உள்ளே எதையாவது உடைத்துவிடுவார். விஷயமறிந்தவரோ, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அத்துவாரங்களின் வழியே மெல்லிய எண்ணெயைச் சிறிது ஊற்றி, நாட்கணக்கில் காத்திருந்து, பிறகு ஃபிளைவீலின் பற்களில் நெம்புகோலை வைத்து, முன்னும் பின்னுமாக மயிரிழை மயிரிழையாக அசைத்துப் பார்ப்பார்.

மின்சாரமோ வெறும் 6 வோல்ட்; இக்காலத்து 12 வோல்ட் பல்பை மாட்டினால் அது மின்மினியாகத்தான் ஒளிரும்.

சரக்குத் தட்டின் தரை மரப்பலகையால் ஆனது. புதுப் பலகைகளை இழைத்து, எண்ணெய் பூசி, இடையிடையே இரும்புப் பட்டைகளை வைத்து முடுக்கிய பிறகு, அதன்மேல் ஒரு மூட்டையை ஏற்றவும் சொந்தக்காரருக்கு மனம் வருவதில்லை. சரக்கு வண்டிதானே என்று நாம் கேட்டுவிடக் கூடாது!