இரைச்சலுக்குள் தோழியின் குரல்



எங்கள் மூத்த தோழிகள் சிலர் ஒன்றுகூடல்களுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். "காதுக்கு மெசின் போட்டும் மண்டபத்துக்குள் ஒன்றும் விளங்குதில்லை" என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

இன்றைய செவிப்புலன் கருவிகள் பலவற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒலிவாங்கிகள் உண்டு. ஒலி அவற்றை வந்தடையும் நேரத்திலுள்ள மிகச் சிறிய வித்தியாசத்தைக் கொண்டு, பின்புறச் சத்தத்தைக் கருவி குறைக்கிறது. முன்னால் இருப்பவரின் பேச்சு தெளிகிறது. ஆனால் தோழி யார் என்று அதற்குத் தெரியாது. முகம் திரும்பிய திசையே அதற்குத் தெரியும். பின்னால் நின்று கூப்பிடுபவரின் குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடங்கிப்போகும். பேசுபவர் ஒன்றிரண்டு மீற்றருக்குள் இருந்தாற்தான் பயன் நன்றாகத் தெரியும். தூரம் கூடினால், சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி எல்லாத் திசையிலிருந்தும் வந்து கலந்துவிடும்.

ஆகவே மீதி வேலை எங்களுடையது. கருவி அணிந்தவரை ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டி இருத்துவோம். அவருக்கு எதிரே, கிட்ட இருந்து, முகம் வெளிச்சத்தில் தெரியக் கதைப்போம். உதட்டசைவும் காதுக்குத் துணை. கத்தத் தேவையில்லை, ஒருவர் முடித்தபின் மற்றவர் ஆறுதலாகச் சொன்னாற் போதும். பாட்டுச் சத்தத்தையும் சற்றுக் குறைப்போம்.

கருவி அணியும் சகோதரிகளே, ஒதுங்கிவிடாதீர்கள். கூட்டத்தில் கேட்கும் சிரமத்தைச் செவிப்புலனியலாளரிடம் விபரமாகச் சொல்லுங்கள். சத்தமான இடங்களுக்கேற்ப அமைப்பை மாற்றித்தர முடியும்.

ஒரு கதிரையைத் திருப்பிப் போடுவது பெரிய வேலையல்ல. அடுத்த ஒன்றுகூடலுக்கு அந்தத் தோழிகளை நாங்களே போய் அழைத்து வருவோம்.