சிப்பி வெறும் கலம் அன்று

 

கரு என்பது நமக்குப் புதிய சொல் அன்று. தொல்காப்பியர் அதனைப் பொருளிலக்கணத்தில் வைத்தார். மணிவாசகர் போற்றித் திருவகவலில் கருவின் வளர்ச்சியை மாதந்தோறும் வரிசைப்படுத்தினார். ஆயினும் கருவின் தொடக்கத்தைச் சொல்ல, ஆண் விதை, பெண் நிலம் என்ற பழைய உவமையையே இன்னும் கையாள்கிறோம். சுவாதி மழைத்துளி விழுந்து முத்தாகிறது என்னும்போதும் அதே எண்ணந்தான்; அங்கே சிப்பி வெறும் கலம்.

நம் வட்டாரத்துச் சிப்பிகுளம் தன் பெயரிலேயே சுமக்கும் அந்த உயிரைச் சற்றே நோக்குவோம். ஆண் சிப்பி விந்தணுக்களையும் பெண் சிப்பி முட்டைகளையும் கடல்நீரிலேயே விடுகின்றன, அங்கேதான் கூடல். தாங்கும் வயிறில்லை, நிலம் என்று எதைச் சொல்வது? கருவுற்ற முட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. அது இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பகுந்து, நுண்ணிழைகளால் சுழன்று நீந்துகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் மெல்லிய ஓடு தோன்றுகிறது. மூன்று வாரமளவு மிதந்தபின் பற்றுக்கோடு தேடி ஒட்டுகிறது. இடம் கிடையாதவை மாள்கின்றன.

1876இல் ஜெர்மானியர் ஆஸ்கர் ஹெர்ட்விக், முள்ளுடல் கொண்ட ஒரு கடலுயிரின் முட்டையை நுண்நோக்கியில் ஆராய்ந்து, கருவுறுதல் என்பது ஆண், பெண் உட்கருக்கள் இரண்டும் ஒன்றாதலே என்று காட்டினார். ஆகவே, பெண் தருவது இடம் மட்டும் அன்று, உயிரின் பாதி.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடியின் முத்துச் சலாபம் ஓய்ந்தது. அவ்வூரிலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் 1973இல் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1981இல் தொட்டிநீரிலேயே சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தனர். மனிதர் இட்டது ஒரு மணியும் சிறு தசைத்துண்டும். அதன்மேல் படிந்த ஒளியெல்லாம் சிப்பி வளர்த்தது.

இதனை ஏன் பாவலர் அவையில் பேசுகிறேன்? பிள்ளையில்லா வீட்டில் குறை எவரிடம் என்று ஆராயாமலே பெண்ணை மட்டும் 'மலடி' என்று சுடுகிறார்கள்; 'தரிசு' என்கிறார்கள். அச்சொற்களுக்கு வலுத்தந்தது விதை, நிலம் என்ற உவமை. மருத்துவர் கணவனையும் சோதிக்கவேண்டும் என்றால், அவன் வர மறுக்கும் துணிவும் அதிலிருந்தே பிறக்கிறது. உவமை பாவலர் ஆக்கியது. திருத்தும் உரிமையும் கடமையும் அவர்களுடையவையே.

இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டில், இருவரும் சரிபாதி என்று பாடும் ஒரு கவிதையேனும் பிறக்கட்டும்.