குழந்தை எதை எடுக்கும்? கொரியாவின் முதல் பிறந்தநாளும் நம் வீட்டு ஜாதகமும்

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் இருபது நிமிடம். வங்கியில் கவுன்ட்டரில் உட்கார்ந்து பழகியவன், நேரத்துக்கு முடித்துவிடுவேன்.

சமீபத்தில் நம் பொது ஹாலில் ஒரு முதல் பிறந்தநாள் நடந்தது. கேக் வெட்டிய பிறகு குழந்தையைப் பாயில் உட்கார வைத்து, முன்னால் ஒரு தாம்பாளத்தில் பேனா, ஸ்டெதாஸ்கோப், பந்து, ரூபாய் நோட்டு என்று பரப்பினார்கள். "இது என்ன சார் புதுப் பழக்கம்?" என்று இரண்டு மூன்று பேர் என்னைக் கேட்டார்கள். கொரிய சீரியலில் பார்த்தது என்று பேரப்பிள்ளைகள் சொன்னார்கள். அது சரிதான். ஆனால் விஷயம் சீரியலைவிட ரொம்பப் பழசு. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். படித்ததையும், அதை ஒட்டி என் மனதில் பல வருடமாகக் கிடப்பதையும் சொல்கிறேன்.

கொரியாவில் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு டோல் என்று பெயர். அன்றைக்குக் குழந்தை பொருளை எடுக்கும் சடங்குக்கு டோல்ஜாபி என்று பெயர். குழந்தைக்கு ஹன்போக் என்கிற அவர்களுடைய பாரம்பரிய உடையை வண்ண வண்ணமாக உடுத்தி, தலையில் குல்லாய் வைத்து, ஒரு தாழ்வான மேஜைக்கு முன்னால் உட்கார வைக்கிறார்கள். மேஜையில் நூல்கண்டு, அரிசி, பணம், எழுதும் தூரிகை, புத்தகம் எல்லாம் இருக்கும். நூலை எடுத்தால் நீண்ட ஆயுள். அரிசியோ பணமோ எடுத்தால் சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. தூரிகையோ புத்தகமோ எடுத்தால் படிப்பாளி. அந்தக் காலத்தில் ஆண் குழந்தைக்கு வில்லும் அம்பும் வைப்பார்கள், வீரனாவான் என்று. பெண் குழந்தைக்கு அதற்குப் பதில் ஊசி, அளவுகோல், கத்தரிக்கோல். இப்போது ஸ்டெதாஸ்கோப், நீதிபதியின் சுத்தியல், மைக், கால்பந்து, கம்ப்யூட்டர் மவுஸ் எல்லாம் தட்டுக்கு வந்துவிட்டன. பெற்றோருக்கு எது ஆசையோ அதைக் குழந்தையின் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைப்பதும் நடக்கிறது. அதில் நாமும் அவர்களும் ஒன்றுதான்.

ஏன் முதல் வருடத்துக்கு இவ்வளவு விமரிசை? அந்தக் காலத்தில் குழந்தை ஒரு வயதைத் தாண்டுவதே பெரிய காரியம். அதனால் 100ஆம் நாளே ஒரு கொண்டாட்டம். ஆவியில் வேகவைத்த வெள்ளை அரிசி மாவுப் பண்டம் செய்வார்கள், கிட்டத்தட்ட நம் புட்டு மாதிரி. அதை 100 வீட்டுக்குக் கொடுத்தால் குழந்தைக்கு ஆயுள் கூடும் என்று நம்பிக்கை. கண்ணேறு படாமல் இருக்கச் சோளத்தில் உருண்டை பிடித்து, மேலே சிவப்புப் பயறைப் புரட்டி எடுப்பார்கள், சிவப்பு கெட்டதை விரட்டும் என்று. நாம் ஆரத்தி கரைக்கிற அதே நிறம். பண்டம் வாங்கிய வீட்டார் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். நூலோ அரிசியோ காசோ போட்டுத் தருவார்கள். நம் வீடுகளில் அம்மாக்கள் டிபன் பாக்ஸைச் சும்மா திருப்பிக் கொடுக்காமல் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்களே, அதேதான். (இப்போது பாத்திரமே திரும்பி வருவதில்லை என்று நாலாவது மாடியில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதற்குள் நான் போகவில்லை.)

வங்கிக்காரனுக்குப் பிடித்த பகுதி ஒன்று சொல்கிறேன். டோலுக்கு அங்கே பரிசு தங்க மோதிரம். எடை அவர்கள் கணக்கில் ஒரு டோன், அதாவது 3.75 கிராம். நம் அரைப் பவுனுக்குக் கால் கிராம் குறைவு. 1997 கடைசியில் கொரியா கடனில் மூழ்கி சர்வதேச நிதியத்திடம் கை நீட்ட வேண்டி வந்தது. 1998 ஜனவரியில் மக்களிடம் தங்கம் கேட்டார்கள். சுமார் 35 லட்சம் பேர் வரிசையில் நின்று 227 டன் கொடுத்தார்கள். அதில் கல்யாண மோதிரமும் இருந்தது, பிள்ளைகளின் டோல் மோதிரமும் இருந்தது. நகைக்கடன் கவுன்ட்டரில் சின்னஞ்சிறு குழந்தை மோதிரங்களைத் தராசில் வைத்து எடை பார்த்தவன் நான். அதை நீட்டுகிற தாயின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்த 227 டன்னை வெறும் எண்ணாகப் படிக்க முடியவில்லை.

இந்தத் தட்டுச் சடங்கு கொரியாவோடு நிற்பதில்லை. சீனாவில் 6ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு குடும்ப அறிவுரை நூலிலேயே இது வருகிறது. ஆணுக்கு வில், அம்பு, தாள், தூரிகை. பெண்ணுக்குக் கத்தி, அளவுகோல், ஊசி, நூல். 1910இல் பிறந்த சீன எழுத்தாளர் சியன் சோங்ஷு, ஒரு வயதில் தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தாராம். அதனால் புத்தகத்தை நேசிப்பவன் என்று பொருள் வரும்படி பெயர் வைத்தார்கள். பின்னால் பெரிய அறிஞரானார். புத்தகத்தை எடுத்ததால் ஆனாரா, அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டதால் ஆனாரா என்பது உங்கள் யோசனைக்கு. ஆர்மீனியாவில் முதல் பல் முளைத்ததும் இதே விளையாட்டு. நம் நாட்டிலேயே வங்காளத்தில் அன்னப்பிராசனத்தன்று தட்டில் மண், புத்தகம், பேனா, காசு வைப்பார்கள். மண்ணை எடுத்தால் நிலபுலன் சேரும். ஆந்திராவிலும் சோறூட்டும் நாளில் குழந்தையைத் தவழவிட்டு எதைத் தொடுகிறது என்று பார்ப்பார்கள்.

நம் மதுரைப் பக்கத்தில் முதல் வருடத்துக்கு வேறு ஏற்பாடு. மொட்டை, காதுகுத்து, தாய்மாமன் மடி, தாய்மாமன் சீர். குலதெய்வம் கோவிலுக்கு வேன் வைத்துப் போவோம். அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள், எத்தனை மொட்டைத் தலை! சில வீடுகளில் ஆண்டு நிறைவு என்று ஆயுஷ்ய ஹோமம் செய்வார்கள். ஆனால் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்ல நாம் தாம்பாளம் வைப்பதில்லை. அதற்கு அவசியமே இல்லை, ஏனென்றால் நாம் அதைப் பிறந்த நிமிடத்திலேயே எழுதி முடித்துவிடுகிறோம். பிரசவ வார்டின் வாசலில் பாட்டி கேட்கிற முதல் கேள்வி என்ன குழந்தை. இரண்டாவது கேள்வி என்ன நட்சத்திரம். குழந்தையின் எடை எவ்வளவு என்பது மூன்றாவதோ நாலாவதோ.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். கொரியத் தட்டில் நூல், அரிசி, பணம், புத்தகம், வில். எதை எடுத்தாலும் பெற்றோர் கை தட்டலாம். கெட்ட பொருள் ஒன்றுகூட அதில் கிடையாது. நம் தட்டில் இருக்கிறது.

மூலம் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டை மூத்த மைத்துனனுக்கு, விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது. பூராடம் நூலாடாது. இது எல்லாம் பெண்ணுக்கு மட்டும். ஆண் மூலம் அரசாளுமாம், பெண் மூலம் நிர்மூலமாம். இரட்டைக் குழந்தை பிறந்து ஒன்று ஆண், ஒன்று பெண் என்றால், ஐந்து நிமிட இடைவெளியில் ஒருவன் ராஜா, ஒருத்தி நிர்மூலம். உண்மையில் பழமொழி ஆனி மூலம் என்றுதான் இருந்தது, பிற்பாடு திரிந்துவிட்டது என்று சொல்லும் ஜோதிடர்களும் உண்டு. வரன் பார்க்கிற இடத்தில் அந்த விளக்கத்தைக் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை.

நான் பி.காம். படித்தவன், கணக்குப் போட்டுப் பார்த்தேன். நட்சத்திரம் 27. சந்திரன் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு நாள். இதில் ஐந்து நட்சத்திரத்துக்குத் தோஷம் என்றால், 100 பெண் குழந்தைகளில் 18 பேர் பிறக்கும்போதே யாரோ ஒருவருக்கு ஆகாதவர்கள். இன்னொன்று, கேட்டை, மூலம், பூராடம் மூன்றும் அடுத்தடுத்த நட்சத்திரங்கள். மூலத்தில் பிறந்த பெண்ணுக்கு ஜாதகத்தை ஒரு நாள் முன்னால் தள்ளி எழுதினால் கேட்டை, பின்னால் தள்ளினால் பூராடம். முன்தேதி போட்டாலும் பின்தேதி போட்டாலும் திரும்பி வருகிற செக் மாதிரி.

என் அக்கா மூலம். திருமங்கலத்தில் அப்பா மளிகைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு 21 வயதில் வரன் பார்க்க ஆரம்பித்தார். பெண்ணைப் பிடிக்கும், குடும்பத்தைப் பிடிக்கும், நட்சத்திரம் சொன்னதும் "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்று எழுந்து போவார்கள். தரகர் ஒரு யோசனை சொன்னார், மாமனார் இல்லாத வீடாகப் பாருங்கள் என்று. அதற்கப்புறம் அப்பா எந்த வரன் வந்தாலும் முதலில் விசாரித்தது, மாப்பிள்ளையின் தகப்பனார் உயிரோடு இருக்கிறாரா என்று. ஒரு ஈ எறும்புக்குக் கெடுதல் நினைக்காத மனிதர், இல்லை என்று பதில் வந்தால் முகம் மலர்வார். அதை நான் பார்த்திருக்கிறேன். அக்கா தையல் மிஷின் வாங்கி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம், வளைகாப்பு எதற்கும் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால் தையல் வேலை இருக்கிறது என்பாள்.

33 வயதில் கல்யாணம் ஆனது. மாமனார் உயிரோடு இருந்த வீடுதான். நட்சத்திரத்தை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னபோது அந்தப் பெரியவர், "நான் போற நாள் எனக்கே தெரியாது, உங்க பொண்ணுக்கா தெரியும்?" என்று கேட்டார். அதன் பிறகு 19 வருடம் இருந்தார். இதை நான் நிரூபணமாகச் சொல்லவில்லை. கல்யாணமான மறு மாதமே அவர் போயிருந்தாலும் அதற்குக் காரணம் அவருடைய சர்க்கரை வியாதிதான், அக்கா இல்லை. ஆனால் 21இலிருந்து 33 வரை போன 12 வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

கொரியாக்காரர்களைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களிடமும் இந்த வியாதி உண்டு, வேறு பெயரில். நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் 60 வருடச் சுழற்சி. 1990 வெள்ளைக் குதிரை வருடம். அந்த வருடம் பிறக்கும் பெண் அடங்காதவளாக இருப்பாள் என்று ஒரு நம்பிக்கை. ஏற்கெனவே ஆண் பிள்ளை மோகம், கையில் ஸ்கேன் வசதி. பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1987இலேயே சட்டம் போட்டும் பயனில்லை. அந்த வருடம் 100 பெண் குழந்தைகளுக்கு 116.5 ஆண் குழந்தைகள் பிறந்தன. இயற்கையாக 105 போல இருக்க வேண்டும். ஜப்பானில் 1966 நெருப்புக் குதிரை வருடம். அந்த வருடத்துப் பெண் புருஷனுக்கு ஆகாதவள் என்று பயந்து பிள்ளை பெறுவதையே தள்ளிப் போட்டார்கள். 1965இல் 18 லட்சத்துக்கு மேல் இருந்த பிறப்பு 1966இல் 13.6 லட்சமாக இறங்கியது. அடுத்த வருடம் 19 லட்சத்தைத் தாண்டியது. அடுத்த நெருப்புக் குதிரை வருடம் 2026.

நம் மாவட்டத்துக்கும் இந்தக் கதை புதிதில்லை. 1986இல் உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலை பற்றி டெல்லிப் பத்திரிகை அட்டைப்படக் கட்டுரை போட்டது. 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. அங்கே நட்சத்திரம்கூடப் பார்க்கவில்லை. பெண் என்றால் வரதட்சணை, செய்முறை, சீர் என்று ஒரு செலவுக் கணக்கை எதிர்காலமாக எழுதிவிட்டார்கள். இன்றைக்குக் கொரியாவில் அந்த 116.5 இறங்கி 105க்கே வந்துவிட்டது. பெண்கள் படித்து வேலைக்குப் போனதும், வயதான காலத்தில் மகளும் பார்த்துக்கொள்வாள் என்று கண்டதும் பெரிய காரணம் என்கிறார்கள். டோல் தட்டிலும் வில் ஆணுக்கு, ஊசி பெண்ணுக்கு என்ற பிரிவினை இப்போது பெரும்பாலும் இல்லை.

மதுரைக்காரர்களுக்கு மட்டும் ஒரு கேள்வி. அக்காவின் திருமாங்கல்யத்துக்குத் தங்கம் வாங்க நானும் அப்பாவும் நடந்தது தெற்காவணி மூல வீதியில். இந்த ஊரில் நகைக்கடை நிறைந்த வீதிக்கே பெயர் மூலம்! சொக்கநாதர் பிட்டுக்கு மண் சுமந்ததை ஆவணி மாதம் மூல நட்சத்திரத்தன்று புட்டுத்தோப்பில் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். சுவாமிக்குப் பட்டாபிஷேகம் நடப்பதும் ஆவணி மூலத் திருவிழாவில்தான். அதே நட்சத்திரத்தில் ஒரு பெண் பிறந்தால் மட்டும் ஏன் ஜாதகத்தை மூடி வைக்கிறோம்?

ஜாதகமே பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டீர்கள், என் வீட்டிலேயே கேட்கமாட்டார்கள். என் வேண்டுகோள் சிறியது. நம் பிளாக்கில் பெண் குழந்தை பிறந்ததும் வாட்ஸ்அப் குழுவில் நட்சத்திரத்தைக் கேட்காமல் இருப்போம். பெற்றவர்கள் தாங்களாகச் சொன்னால் வாழ்த்து மட்டும் போடுவோம். சோக முகப் பொம்மை வேண்டாம். போன வருடம் அப்படி ஒன்று வந்தது, அந்தத் தாய் அதைப் பார்த்திருப்பார்.

இனி தட்டு விஷயம். அடுத்த மாதமும் ஹாலில் ஒரு முதல் பிறந்தநாள் பதிவாகியிருப்பதாகச் செயலாளர் சொல்கிறார். தட்டு வைப்பதாக இருந்தால் தாராளமாக வையுங்கள், ஆணோ பெண்ணோ ஒரே தட்டாக. ஊசி, கத்தரிக்கோல் வேண்டாம், அளக்கும் டேப் போதும். நாணயம் வைக்காதீர்கள், ஒரு வயதுக் குழந்தை கையில் எடுத்தது அடுத்த நொடி வாய்க்குப் போகும். பத்து ரூபாய் நோட்டு வையுங்கள், அதுவும் புது நோட்டாக. நூல்கண்டு வைத்தால் முனையை முடிந்து வையுங்கள். குழந்தை தூங்கி எழுந்து, பால் குடித்த பிறகு தட்டை வைப்பது நல்லது. அன்றைக்கு வைத்த தட்டில் குழந்தை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாம்பாளத்தையே இழுத்தது. அதற்கு என்ன பலன் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

காபி வந்துவிட்டது. கேள்வி இருந்தால் குடித்துக்கொண்டே கேளுங்கள்.