உப்சாலாவில் ஒரு தென்னாட்டு மாணவன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன் நான். தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானமையால், இருபத்தொரு வயதில் ரயில்வே குமாஸ்தாவாக இந்த நாகபுரிக்கு வந்து சேர்ந்தேன். அத்தகையவன் ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிப் பேசுவது உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். என் தமக்கையாரின் மகன் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஸ்வீடன் தேசத்து உப்சாலா நகருக்கு மேற்படிப்புக்காகச் சென்றான். நம் காலனிப் பிள்ளைகள் சிலரும் அத்திசை நோக்கிப் புறப்பட ஆயத்தமாய் இருப்பதால், அவன் பட்டதையும் அதில் என் பிழையையும் கூறத் துணிந்தேன்.

1477இல் நிறுவப்பெற்ற அப்பல்கலைக்கழகமே நார்டிக் நாடுகள் அனைத்திலும் பழமையானது. செடிகொடிகளுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் அங்கே பேராசிரியராக விளங்கியவர். தமிழகத்துப் பௌத்தத்தைப் பற்றி இரு பெருந்தொகுதிகள் 2002இல் அங்கிருந்து வெளிவந்திருக்கின்றன என்று அறிந்தபோது என் மனம் பூரித்தது. முன்னாளில் அயல்நாட்டு மாணவர்க்கும் அங்கே கல்வி இலவசம். 2011 முதல் நம் போன்ற நாட்டவர்க்குக் கட்டணம் உண்டு. மருமகனுக்கு அக்கட்டணம் உதவித்தொகையாகக் கிடைத்தது. எனினும் உண்டிக்கும் உறையுளுக்கும் மாதம் பத்தாயிரம் குரோனாருக்கு மேல் கையிருப்பைக் காட்டினால்தான் குடியிருப்பு அனுமதி கிட்டும். தமக்கையாரின் நகைகள் வங்கிக்குச் சென்றன. என் சேமநிதியிலும் ஒரு பகுதி கரைந்தது.

வழியனுப்பும்போது நான் கூறிய புத்திமதி இதுதான்: "மருமகனே, அங்கே நம் நாட்டுப் பிள்ளைகளோடு மட்டும் இரு. பிறரோடு பழக்கம் வேண்டாம்."

போனவுடன் வரி அலுவலகத்தில் பதிந்து ஓர் ஆள் எண் பெற வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ தங்குவோர்க்கு அது உண்டு. நம் பணியாளர் எண்ணைப் போன்றது. அது இல்லாமல் வங்கிக் கணக்குக்கூட எளிதில் நடவாது. துணி துவைப்பதற்கும் முன்பதிவு! குடியிருப்பின் பொதுச் சலவையறையில் நாளும் மணியும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். பேராசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு நாவெழாத காரியம். பாடங்களை ஒன்றன்பின் ஒன்றாகவே நடத்துகிறார்கள்; ஐந்து வாரம் ஒரே பாடம், தேர்வு, பின் அடுத்தது. பத்து மணி என்று குறித்த வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்கும். இதற்கு "கல்விக் கால்மணி" என்று பெயராம். நம் இலாகாவில் இதற்கு வழங்கும் பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை!

அவன் தங்கியது புளோக்ஸ்தா என்னும் மாணவர் குடியிருப்பில். பன்னிரண்டு அறைகளுக்கு ஒரு பொதுச் சமையலறை. என் சொல்லைத் தலைமேற்கொண்டு, அச்சமையலறையில் அவன் ஒருவரோடும் பேசவில்லை. நாள்தோறும் நகரின் மறுபக்கத்திலிருந்த நான்கு இந்திய மாணவரிடம் சென்று உண்டுவிட்டு, இருளில் திரும்பி வந்து கதவைத் தாழிட்டுக்கொண்டான். இரவு பத்து மணிக்கு அங்குள்ள மாணவர் சன்னலைத் திறந்து கூக்குரலிடுவது நெடுநாள் வழக்கம். முதல்நாள் அதைக் கேட்டுத் தீ விபத்தென்று நடுங்கினானாம். யாரிடமும் காரணம் கேட்கவில்லை.

நவம்பர் வந்தது. டிசம்பரில் அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவான். ஒருநாள் நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. "மாமா, ஒரு தேர்வில் தவறிவிட்டேன். திரும்பி வந்துவிடட்டுமா? அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்றான். வங்கியிலிருக்கும் நகைகளே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தன. அவன் குரல் அதன் பின்னரே நெஞ்சில் தைத்தது. இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

தவறிய தேர்வை மீண்டும் எழுதலாம் என்பதும், வழிகாட்டவென்றே ஓர் அலுவலர் துறையில் இருக்கிறார் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்டால் சொல்வார்கள், கேளாதவனிடம் வலிய வந்து சொல்வது அந்நாட்டு வழக்கம் அன்று. அடுத்த அறையில் இருந்த வடபகுதி மாணவன் ஒருவன்தான் சமையலறையில் இவன் முகத்தைப் பார்த்துவிட்டு இவற்றைக் கூறி, மறுநாள் தங்கள் சங்கத்துக்கும் அழைத்துச் சென்றான்.

ஆம், சங்கம்தான்! உப்சாலாவில் "நேஷன்" எனப்படும் மாணவர் சங்கங்கள் பதின்மூன்று உள்ளன. வெவ்வேறு மாகாணங்களிலிருந்து வந்த பிள்ளைகள், தத்தம் ஊராருடன் கூடியிருக்க 17ஆம் நூற்றாண்டிலே தொடங்கியவை. நாம் நாகபுரியில் செய்திருப்பதும் அதுவேயன்றோ? 2010 வரை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு நேஷனில் சேர்ந்தாக வேண்டும், இன்று அக்கட்டாயமில்லை. ஆனால் எந்நாட்டு மாணவரும் தாம் விரும்பிய நேஷனில் சேரலாம். குறைந்த விலையில் உணவு, பாட்டுக் குழு, படிப்பறை எல்லாம் அங்கே உண்டு. வேலைகளைப் பெரும்பாலும் மாணவரே பகிர்ந்து செய்கிறார்கள். நம் பிள்ளை சேர்ந்தது ஆற்றங்கரையில் இருக்கும் நூர்லாந்து நேஷனில். நூர்லாந்து என்றால் வடநாடு. தென்னாட்டான் வடநாட்டார் சங்கத்தில் உறுப்பினன் ஆனான்!

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்காலனியில் வாழ்கிறேன். அடுத்த வீட்டு மராத்தியர் இல்லத்தில் ஒருநாளேனும் நான் அமர்ந்து உண்டதில்லை. எனக்குத் தெரிந்ததைத்தானே அவனுக்கும் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரியில் அத்தேர்வை மீண்டும் எழுதித் தேறினான். பிறகு ஒரு புகைப்படம் அனுப்பினான்: நேஷன் சமையலறையில், முழங்கை வரை நுரையோடு, அண்டா போன்றதொரு பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு சிரிக்கிறான். இப்படத்தை என் தமக்கையாருக்கு நான் இன்னும் காட்டவில்லை. "பாத்திரம் தேய்க்கவா என் நகையை வைத்தீர்கள்?" என்பார். இவ்வுரை மலரில் அச்சாகி அவர் கைக்குப் போகும் என்று செயலாளர் சொல்கிறார். ஆகையால் அதற்குள் நானே ஊருக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.