வீட்டாரையும் அழைத்து வாருங்கள்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வார்டுகளைச் சுற்றி வருகையில் என்னிடம் அதிகமாய்க் கேட்கப்படும் கேள்வி, "ஐயா, இது யாரால் வந்தது?" என்பதே. பரம்பரையாய் வரும் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டால், தாய் தகப்பனைப் பார்ப்பாள். தகப்பன் தரையைப் பார்ப்பார். அப்படிப்பட்ட ஒரு நோயைப் பற்றி இன்று பேசுகிறேன். நான் வைத்தியன் அல்ல. கேட்டும் வாசித்தும் அறிந்ததைச் சொல்லுகிறேன்.

ஃப்ளோ ஹைமன் என்பவர் அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை. ஆறடி ஐந்து அங்குல உயரம். 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அவருடைய அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. பின்பு ஜப்பானில் விளையாடினார். 1986 ஜனவரி 24 அன்று மட்சுயே நகரில், ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்து மரித்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் எண்ணினார்கள். பிரேதப் பரிசோதனையில்தான், இருதயத்திலிருந்து புறப்படும் மகாதமனி கிழிந்திருந்தது தெரிந்தது. காரணம் மார்ஃபான் நோய். அவருடைய உயரத்தை உலகமே மெச்சியது. அதுவும் நோயின் ஓர் அடையாளம் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

1896-ல் பாரிஸ் நகரக் குழந்தை வைத்தியர் அந்துவான் மார்ஃபான், மெலிந்து நீண்ட கைகால்களும் விரல்களும் உடைய ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. ஏறக்குறைய 5,000 பேரில் ஒருவருக்கு இது உண்டு. நம் உடம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் இழைகளில் ஃபைப்ரிலின் என்ற புரதம் ஒன்று. அதை உண்டாக்கும் மரபணுவில் இருக்கும் பிழையே காரணம் என்று 1991-ல் கண்டுபிடித்தார்கள்.

இழை பலவீனமானால் கண்ணின் லென்ஸ் நழுவலாம், நெஞ்செலும்பு குழியலாம். அவை உயிரை எடுப்பதில்லை. மகாதமனிதான் ஆபத்து. ஒவ்வொரு இருதயத் துடிப்பும் அதன் சுவரை மோதுகிறது. பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல, அது வருஷக்கணக்காய் வலியில்லாமல் அகலும். ஒருநாள் உட்சுவர் கிழிந்து, இரத்தம் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிரித்துக்கொண்டு ஓடும். நெஞ்சிலோ முதுகிலோ தாங்கமுடியாத வலி அப்போதுதான் வரும். கர்ப்ப காலத்தில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இதன் உறவு நோய்களும் உண்டு. எலர்ஸ்-டான்லோஸ் நோயில் இரத்தக்குழாய்களைத் தாக்கும் வகை ஒன்றில் ஆள் உயரமாய்க்கூட இருப்பதில்லை. தோல் மெல்லியதாய், நரம்பெல்லாம் தெரியும். இலேசாய் இடித்தாலும் கன்றிப்போகும்.

ஹைமனின் மரணத்துக்குப் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே நோய்! மகாதமனி கிழியுமுன் ஆபரேஷன் செய்து காப்பாற்றினார்கள். நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான்கில் ஒருவருக்குப் பெற்றோரிடம் இல்லாமல் புதிதாகவும் தோன்றும்.

எக்கோ பரிசோதனையில் மகாதமனியின் அகலம் தெரிந்துவிடும். வருஷந்தோறும் அளக்கவேண்டும். இருதயத்தின் வேகத்தையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்க மாத்திரை தருவார்கள். ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் ஆனால் அந்தப் பாகத்தை மாற்றிச் செயற்கைக் குழாய் வைப்பார்கள். 1972-ல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோயால் மரித்தவர்களின் சராசரி வயது 32. இன்று சரியான கவனிப்பு கிடைத்தவர்கள் எழுபதைத் தாண்டுகிறார்கள். (நெட்டையானவர்கள் எல்லாரும் நாளைக் காலையே எக்கோவுக்கு ஓடவேண்டாம்!)

ஒரு பையனுக்கு இந்த நோய் என்று தெரிந்த அன்று அவன் தகப்பனார் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரும் நல்ல உயரம். "நான் கொடுத்ததா, ஐயா?" என்றார். "இருக்கலாம். உங்கள் மூக்கையும்தான் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டையும் கேட்டுக் கொடுக்கவில்லையே" என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்" என்றார்.

அடுத்த வாரம் இருவரையும் கூட்டிவந்தார். பெண்ணுக்கு ஒன்றுமில்லை. சின்னவனுக்குச் சற்று அகலம், மாத்திரை தொடங்கினார்கள். "எனக்கு எதற்கு? பிள்ளைகளைப் பார்த்தால் போதும்" என்று நழுவப் பார்த்தவரை அந்தப் பெண்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். மூவரிலும் அதிகமாய் அகன்றிருந்தது அவருடையதுதான். அந்த மாதமே அவருக்கு ஆபரேஷன் தேதி குறித்தார்கள்.